செட்டிநாடு ஓடுதளம்: கட்டடம் எழுப்பும் முன் அளந்து பாருங்கள்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் தொழில் துறைச் செயலாளர், டிட்கோ (தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம்) மேலாண்மை இயக்குநர், சிவகங்கை மாவட்ட ஆட்சித் தலைவர்.
பார்வைக்கு: மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம், இந்திய விமான நிலைய ஆணையம்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்காக அமைத்த செட்டிநாடு ஓடுதளத்தை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும் என்ற கோரிக்கை இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. அதை நாங்களும் முழு மனதோடு ஆதரிக்கிறோம். விமான நிலையப் பொறியியல், தரைப்பணி, சாலை, கணக்கு என்று பல துறைகளில் வேலை பார்த்த நாங்கள், இந்தக் கோரிக்கை நடக்கும் வரிசையைப் பற்றித்தான் எழுதுகிறோம். பொதுவாக முதலில் அறிவிப்பு வருகிறது, பிறகு முனையக் கட்டடத்துக்கு ஒப்பந்தம், அதன் பிறகு ஓடுதளத்தில் குறை தெரிய வருகிறது, கடைசியில் நடத்தும் செலவுக்குப் பணம் எங்கே என்ற கேள்வி. செட்டிநாட்டில் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் நிலத்தையும் பழைய தளத்தையும் அளந்து காப்பாற்றுங்கள். அடுத்து, பத்தாண்டு நடத்தும் செலவுக்கு எழுத்துப்பூர்வமாக ஏற்பாடு செய்யுங்கள். அது முடிந்த பிறகு கட்டடத்தைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சிறு நகரங்களுக்கு விமானம் விட மானியம் தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தைப் பற்றி மத்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் 2023-ல் தந்த அறிக்கையின் எண்கள் உங்கள் கோப்பில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டியவை. மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 403 தடங்களில் ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. பறக்கத் தொடங்கிய 371-ல் மானியக் காலமான மூன்றாண்டை முழுதாக முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச் நிலவரப்படி ஓடிக்கொண்டிருந்தவை 54 மட்டுமே, அதாவது ஒதுக்கியதில் நூற்றுக்கு ஏழு.

நம் மாநிலத்திலேயே சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னைக்குச் சேவை வந்தது. 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில்தான் வேறு நிறுவனங்கள் மறுபடி வந்தன. சேலம் எஃகாலையும் ஜவுளியும் உள்ள பெரிய தொழில் நகரம். அங்கேயே இரண்டாண்டுக்கு மேல் இடைவெளி விழுந்தது என்றால் காரைக்குடிக்கு விழாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விமானம் வராத நாளிலும் விமான நிலையத்தின் உரிமம் உயிரோடு இருக்க வேண்டுமானால் தீயணைப்பு வண்டி, காவல், வேலி, விளக்கு, புல்வெட்டு எதையும் நிறுத்த முடியாது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பது எந்த அறிவிப்பிலும் வருவதில்லை. புதுச்சேரியில் 1,500 மீட்டர் ஓடுதளத்தை வைத்துக்கொண்டு சேவை வருவதும் போவதுமாக இருந்ததை எல்லாரும் பார்த்தோம். வேலூரில் முனையம் எழுந்த பிறகும் ஓடுதள நீளமும் நிலமும் உரிமமும் இழுபறியாகவே இருந்தன.

இனி ஓடுதளம். பிராந்திய விமானம் என்றால் நம் நாட்டில் நடைமுறையில் ஏடிஆர் 72 என்ற புரொப்பல்லர் விமானம்தான். 70 முதல் 78 சீட், முழு எடை 23 டன், இறக்கை அகலம் 27 மீட்டர். தயாரிப்பு நிறுவனக் கணக்குப்படி கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், முழு எடையோடு மேலெழும்ப ஏறத்தாழ 1,320 மீட்டர் வேண்டும். இதை அப்படியே எடுத்து, 1,400 மீட்டர் இருந்தால் போதும் என்று திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் உண்டு. செட்டிநாட்டில் 15 டிகிரி கிடையாது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் திருத்த விதி மூன்று படிகள் கொண்டது. உயரத்துக்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 7 சதவீதம் கூட்ட வேண்டும். அந்த உயரத்துக்குரிய நிலையான வெப்பத்தைவிட ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் 1 சதவீதம். சரிவு ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 சதவீதம். உயரம் 90 மீட்டர், கோடை மாதத்தின் சராசரி உச்ச வெப்பம் 38 டிகிரி, சரிவு அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். உயரத்துக்குப் பிறகு 1,348. வெப்பத்துக்கு 23.6 சதவீதம் சேர்த்தால் 1,666. சரிவுக்குப் பிறகு 1,749. ஆக, 1,800 மீட்டர் இல்லாமல் ஏடிஆரை முழுச் சுமையோடு மே மாத மதியத்தில் எழுப்ப முடியாது. சேலத்து ஓடுதளம் 1,806 மீட்டர் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நீளம் குறைந்தால் விமானம் பறக்காது என்பதில்லை. சீட்டைக் காலியாக விட்டுப் பறக்கும். பத்துப் பதினைந்து சீட்டை விற்காமல் ஒரு நிறுவனம் மூன்றாண்டு தாங்கும், ஏனென்றால் மானியம் வருகிறது. நான்காம் ஆண்டு தாங்காது. சேவை நிற்பதற்கு ‘பயணிகள் இல்லை’ என்று காரணம் சொல்லப்படும் பல இடங்களில் உண்மையான காரணம் இந்த இருநூறு முந்நூறு மீட்டராக இருக்கலாம்.

பழைய தளத்தின் மேல் தார் போட்டால் போதும் என்ற பேச்சும் உண்டு. எண்பது ஆண்டு ஆன தளம் அது. போர்க்கால ஓடுதளங்கள் அவசரத்தில், அன்றைய விமானங்களின் எடைக்கு ஏற்ப அமைந்தவை. பழைய கான்கிரீட் பலகைகளின் இணைப்பிலும் வெடிப்பிலும் மழைநீர் இறங்கி அடிமண்ணைக் கரைத்திருக்கும். வேலிக்கருவேல் வேர் உள்ளே புகுந்திருக்கும். அதன் மேல் 50 மில்லிமீட்டர் தார்க் கலவை விரித்தால் முதல் இரண்டு மழைக்காலத்திலேயே அடியில் உள்ள அதே வெடிப்பு மேலே வரும். அங்கிருந்து பெயரும் சரளை புரொப்பல்லரில் அடிக்கும். ஒரு இலை சேதமானால் விமானம் அங்கேயே நிற்கும். பழுதுபார்க்கும் ஆட்கள் சென்னையிலிருந்து வர வேண்டும். அதனால் முதல் வேலை, நூறு மீட்டருக்கு ஓரிடம் என்று மையக்கோட்டின் இருபுறமும் உருளை வெட்டி எடுத்துத் தடிமனும் வலிமையும் பார்ப்பது. பாரம் விழவைத்து அமுக்கம் அளக்கும் கருவியால் முழு நீளமும் சோதிப்பது. அடிமண்ணின் தாங்குதிறனை மழைக்காலம் முடிந்த உடனே, ஈரமாக இருக்கும்போது அளப்பது. கோடையில் அளந்தால் செட்டிநாட்டுச் செம்புரை மண் நல்ல எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பித் தடிமனைக் குறைத்தால் ஐப்பசியில் தெரியும். பழைய பலகைகள் ஆடினால் அவற்றை நொறுக்கி, அமுக்கி, அடித்தளமாக்கி மேலே புதிதாகக் கட்டுவதுதான் சரி. செலவு கூடும். ஆனால் ஒருமுறைதான் செலவு.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து வரைபடம் போடுகிறவர்களுக்கு இந்த வட்டாரத்தில் புலப்படாத விஷயம் இதுதான். செட்டிநாட்டில் ஆறு கிடையாது என்றே சொல்லலாம். ஊருணியும் கண்மாயும்தான் உயிர். ஒவ்வொரு கண்மாய்க்கும் பல கிலோமீட்டர் தள்ளி மேட்டிலிருந்து வரத்துக்கால் வரும். தரையில் பார்த்தால் சில இடங்களில் முழங்கால் ஆழப் பள்ளம்தான், முள் மூடிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் பெய்தால் அதில்தான் அந்த ஊரின் ஆண்டுத் தண்ணீர் ஓடும். இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேட்டைக் குறுக்கே போட்டால் மேற்புறம் தேங்கும், கீழ்ப்புறக் கண்மாய் நிரம்பாது. தேங்கும் தண்ணீரில் கொக்கும் நாரையும் இறங்கும். பறவை மோதலுக்கு அதைவிட நேரான வழி இல்லை. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் நீர்ப்பறவைகள் வந்து தங்கும் நாடு இது.

எனவே நில அளவையோடு சேர்த்து வரத்துக்கால்கள் எல்லாவற்றையும் கிராம வரைபடத்திலும் தரையிலும் பார்த்துக் குறிக்க வேண்டும். நீர்வளத் துறைக் கணக்கில் இல்லாத கால்களை ஊர்ப் பெரியவர்கள் காட்டுவார்கள். அவர்களைக் கூட்டிப்போய் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓடுதளத்துக்கு அடியில் வரும் பாலங்கள் பெட்டி வடிவில், மண் தூர்ந்தால் ஆள் உள்ளே போய் எடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் போட்டால் இரண்டே மழையில் அடைத்துக்கொள்ளும். திறந்த வடிகால்கள் ஓடுதளத்தைச் சுற்றிக் காலியாக விடும் பாதுகாப்புப் பட்டைக்கு வெளியே, மையக்கோட்டிலிருந்து 140 மீட்டருக்கு அப்பால் அமைய வேண்டும். பட்டைக்குள் எங்கும் மழை விட்ட இரண்டு நாளில் தண்ணீர் வற்றிவிட வேண்டும். இந்த வேலைக்கான தொகையை ஒப்பந்தத்தின் ‘இதர பணிகள்’ வரியில் ஒளிக்காமல் தனியாகக் காட்டுங்கள். சிக்கனம் என்று வந்தால் முதலில் வெட்டுப்படும் வரி அதுதான்.

நிலம் எவ்வளவு வேண்டும் என்பதிலும் தேவையில்லாத பயம் பரவியிருக்கிறது. பெரிய விமான நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் கேட்கப்படுவதைப் பார்த்து, இங்கும் விவசாய நிலம் போய்விடும் என்று மக்கள் நினைக்கிறார்கள். 1,800 மீட்டர் ஓடுதளம், இரு முனையிலும் 60 மீட்டர் பட்டை நீட்டிப்பு, அதற்கு அப்பால் இரு புறமும் 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதி. ஆக நீளம் 2,400. அகலம் 280. பெருக்கினால் 67 ஹெக்டேர், அதாவது 166 ஏக்கர். விமானம் நிற்கும் தளம், முனையம், தீயணைப்பு நிலையம், எரிபொருள், சாலை எல்லாம் சேர்த்தாலும் 250 ஏக்கருக்குள் முடியும். பழைய ஓடுதளம் கால்நடைப் பண்ணை நிலத்தோடு ஒட்டியது. அந்தப் பண்ணையும் வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் வேளாண்மைக் கல்லூரியும் இந்த வட்டாரத்துக்கு வேண்டியவை. அவற்றின் மேய்ச்சல் நிலத்திலும் சோதனை வயலிலும் கை வைக்காமல் எல்லை போட முடியுமா என்று முதலில் பாருங்கள். எந்தப் புல எண் எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது என்று ‘அ’ பதிவேட்டையும் புலப்பட வரைபடத்தையும் ஒத்துப்பார்த்து, துறை விட்டுத் துறை நில மாற்றத்தை இப்போதே முடித்துவைத்தால் பிறகு இரண்டாண்டு மிச்சமாகும்.

நிலத்தைக் காப்பதென்றால் தரையை மட்டும் காப்பதில்லை, வானத்தையும் காக்க வேண்டும். ஓடுதளத்தைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் வட்டத்தில் 45 மீட்டருக்கு மேல் எதுவும் எழக் கூடாது. அது பெரிய சிக்கல் இல்லை. நம் கோபுரங்களும் நகரத்தார் வீடுகளும் அதற்குள் அடங்கிவிடும். சிக்கல் இறங்குபாதையில். பட்டை முனையிலிருந்து வெளியே போகப்போக 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவுக்குக் கீழேதான் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி அனுமதிக்கும் உயரம் 30 மீட்டர். அங்கே ஒரு 40 மீட்டர் செல்போன் கோபுரம் எழுந்துவிட்டால் ஓடுதள முனையை உள்ளே தள்ளி வைக்க வேண்டிவரும். நாம் பாடுபட்டுக் கண்டுபிடித்த 1,800 மீட்டர் 1,300 ஆகிவிடும். காரைக்குடி இப்போது மாநகராட்சி. கட்டட அனுமதி வேகமாகப் போகிறது. விமான நிலையம் வருவது உறுதியாகும் வரை காத்திருக்காமல், இரு இறங்குபாதைகளையும் நிறமிட்ட உயர வரைபடமாக்கி, சுற்றியுள்ள பேரூராட்சி, ஊராட்சி அலுவலகங்களுக்கு இந்த ஆண்டே அனுப்புங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு. தாமதித்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு. குப்பைக் கிடங்கும் இறைச்சிக் கழிவும் பத்துக் கிலோமீட்டருக்குள் திறந்த வெளியில் கிடக்கக் கூடாது என்ற விதியையும் மாநகராட்சி இப்போதே தன் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வழிகாட்டும் கருவிகளில் மட்டும் ஒரு நல்ல செய்தி உண்டு. முன்பெல்லாம் மேகம் தாழ்ந்த நாளில் இறங்க விலையுயர்ந்த தரைக் கருவிகள் வேண்டும். இப்போது ககன் என்ற நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழிகாட்டுதலை வைத்து 2022 ஏப்ரலில் ராஜஸ்தான் கிஷன்கரில் ஓர் ஏடிஆர் விமானம் இறங்கிக் காட்டியது. செட்டிநாட்டுக்கும் அதே முறையில் இறங்குவழி வகுத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைமேகத்தில் விமானம் திருச்சிக்குத் திரும்பிப் போவது குறையும். தஞ்சாவூர் விமானப் படைத் தளமும் உச்சிப்புளி கடற்படைத் தளமும் இருபுறமும் இருப்பதால் பாதுகாப்புத் துறையின் ஒப்புதலை முதல் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

அடுத்து அன்றாட நடப்பு. 27 மீட்டர் நீளமுள்ள ஏடிஆர் தீயணைப்பில் ஐந்தாம் வகை. 5,400 லிட்டர் தண்ணீர், நிமிடத்துக்கு 3,000 லிட்டர் பாய்ச்சும் திறன், 180 கிலோ உலர் பொடி, மூன்று நிமிடத்துக்குள் ஓடுதளத்தின் எந்த மூலைக்கும் போய்ச் சேர வேண்டும். பரபரப்பான மூன்று மாதத்தில் 700 இயக்கங்களுக்கு (இறங்குவது ஒன்று, எழுவது ஒன்று) குறைவாக இருந்தால் ஒரு வகை இறக்கிக்கொள்ள சர்வதேச விதி இடம் தருகிறது. நாளுக்கு ஒரு விமானம் என்றால் மூன்று மாதத்தில் 180 இயக்கம்தான். அப்போது 2,400 லிட்டர், நிமிடத்துக்கு 1,800 லிட்டர், 135 கிலோ பொடி. ஒரே வண்டி இரண்டுக்கும் போதும். ஆனால் அந்த ஒரே வண்டி பழுதானால் அன்று விமானம் இல்லை. அதனால் திருச்சி நிலையத்தோடு மாற்று வண்டி ஒப்பந்தம் முதலிலேயே வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஐந்தாறு பேர், விடுப்பும் பயிற்சியும் கணக்கிட்டால் எட்டுப் பேருக்குக் குறையாது.

காவலில் நடக்கும் தவறு வேறு வகை. உடான் நிலையங்களில் மாநிலப் போலீசார் காவல் பார்க்கலாம், செலவும் மாநிலத்துடையது. அவர்களுக்கு விமானப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். பயிற்சி முடித்து வந்தவரை ஓராண்டில் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டால் சான்று இல்லாத புதியவர் வருவார், சோதனை வாயில் மூடிக்கிடக்கும். பெண் பயணிகளைச் சோதிக்கப் பெண் காவலர் இல்லாத நாளில் விமானம் தாமதமாகும். இந்த நிலையத்துக்கென்று குறைந்தது மூன்றாண்டு மாற்றமில்லாத பணியிடங்களை அரசாணையில் எழுதுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அன்றாடம் விமானம் நேரத்துக்குக் கிளம்புவது இதில்தான் இருக்கிறது.

பயணிகள் எவ்வளவு வருவார்கள்? மாவட்ட மக்கள்தொகையை ஒரு விகிதத்தால் பெருக்கிச் சொல்லும் அறிக்கைகளை நம்ப வேண்டாம். இங்கிருந்து விமானம் ஏறுகிறவர்களில் பெரும்பங்கு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள். கானாடுகாத்தானிலிருந்து சுமார் 75 கிலோமீட்டரில் திருச்சி விமான நிலையம் இருக்கிறது. 2024 ஜனவரியில் திறந்த அதன் புது முனையம் ஆண்டுக்கு 44 லட்சத்துக்கு மேல் பயணிகளைத் தாங்கும். அங்கிருந்து நேராகக் கோலாலம்பூர் போகிறவர் செட்டிநாட்டில் ஏறிச் சென்னையில் மாற மாட்டார். அவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். மீதி இருப்பவர்கள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போகிறவர்கள். சென்னைக்கு இரவு ரயில் இருக்கிறது, காலையில் பல்லவன் காரைக்குடியிலிருந்தே கிளம்புகிறது. பெங்களூருக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆகவே முதல் தடம் பெங்களூருவாக இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

சரியான எண்ணை அறிய வழி இருக்கிறது. திருச்சி, மதுரை நிலையங்களில் உள்நாட்டுப் பயணிகளிடம் ஒரு மாதம் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். காரைக்குடி, செட்டிநாடு, தேவகோட்டை ரஸ்தா, புதுக்கோட்டை ரயில் நிலையங்களில் குளிர்சாதன வகுப்புப் பயணச்சீட்டு எண்ணிக்கையை ரயில்வேயிடம் கேளுங்கள். அதையும் மாதவாரியாகப் பாருங்கள், ஏனென்றால் செட்டிநாட்டின் போக்குவரத்து ஆண்டு முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாணம், கும்பாபிஷேகம், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு, பிள்ளையார்பட்டி சதுர்த்தி. அக்டோபர் முதல் மார்ச் வரை வீடுகளையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்க்க வரும் வெளிநாட்டவர். ஏனைய மாதங்களில் சீட் காலியாகப் போகும். வாரம் ஏழு நாள் என்று தொடங்கி மூன்றாம் மாதம் குறைப்பதைவிட, வியாழன் முதல் திங்கள் வரை என்று தொடங்கி நிலைத்து நிற்பது மேல். நேரமும் முக்கியம். நண்பகலில் வந்து நண்பகலில் போகும் விமானத்தால் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாளும் பாழ்.

எரிபொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நாங்கள் சொல்கிறோம். தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு மதிப்புக் கூட்டு வரி 29 சதவீதம். உடான் நிலையத்தில் நிரப்பினால் 1 சதவீதம். இந்தச் சலுகைதான் விமான நிறுவனத்துக்கு மானியத்துக்கு அடுத்த பெரிய ஈர்ப்பு. ஆனால் செட்டிநாட்டில் எரிபொருள் லாரியே இல்லாவிட்டால் சலுகை காகிதத்தோடு நிற்கும். சென்னையிலிருந்து வரும் விமானம் திரும்பும் எரிபொருளையும் அங்கேயே வாங்கிச் சுமந்து வர வேண்டும். கூடுதலாக 700 கிலோ அளவுக்கு வரும். ஏழு பயணிகளின், அவர்கள் பெட்டிகளின் எடை அது. எனவே எண்ணெய் நிறுவனத்தோடு ஒப்பந்தம், ஒரு லாரி, கசிவைப் பிடிக்கும் தரைத்தளம், தர ஆய்வாளர் ஆகிய நான்கும் முதல் விமானத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

இப்போது பணம். ஏடிஆர் நாளுக்கு ஒருமுறை வந்து போய், 78 சீட்டில் 70 சதவீதம் நிரம்பினால் ஆண்டுக்குப் புறப்படும் பயணிகள் ஏறத்தாழ 19,900. தலைக்கு 200 ரூபாய் பயனர் கட்டணம் வாங்கினாலும் ஆண்டுக்கு 40 லட்சம், மாதம் மூன்று லட்சத்துச் சொச்சம். உடான் விமானங்களிடம் இறங்கு கட்டணமோ நிறுத்துக் கட்டணமோ வாங்க முடியாது. தீயணைப்பு வீரர்களின் சம்பளத்துக்கே அந்த மூன்று லட்சம் எட்டாது. மின்சாரம், காவல், கருவிப் பராமரிப்பு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓடுதளத்தின் மேல்பூச்சு எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். சின்ன விமான நிலையம் தன் காலில் நிற்கும் என்று சொல்லி யாரும் மக்களை நம்பவைக்க வேண்டாம். சாலை போல, நூலகம் போல, அது பொதுச் செலவு. அந்தச் செலவு தகுமா என்பதை வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்கலாம்.

உடான் மானியத்தில் மத்திய நிதி 80 சதவீதம், மாநிலம் 20 சதவீதம். அது சீட்டுக்கான மானியம், நிலையத்தை நடத்துவதற்கல்ல, மூன்றாண்டில் முடிந்துவிடும். 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் 120 புதிய இடங்கள் என்று அறிவித்தபோது மலைப் பகுதிகளுக்கும் வடகிழக்குக்கும் முன்னேற விழையும் மாவட்டங்களுக்கும் முன்னுரிமை சொல்லப்பட்டது. முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் ராமநாதபுரம் இருக்கிறது, சிவகங்கை இல்லை. 2025 மார்ச் மாநில பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் அறிவித்திருக்கிறீர்கள். அது வந்தால் யாத்திரிகர்களும் சுற்றுலாப் பயணிகளும் அங்கே இறங்குவார்கள். இரண்டுக்கும் தனித்தனி ஆலோசகர், தனித்தனி அறிக்கை என்று போனால் ஒரே பயணியை இரண்டு அறிக்கையும் எண்ணும். ஒரே ஆய்வாக நடத்துங்கள்.

நடத்தும் செலவுக்கு இரண்டு வழிகளைப் பரிசீலிக்கக் கேட்கிறோம். ஒன்று, 2019-ல் தனியார் குத்தகைக்குப் பரிந்துரைத்த ஆறு நிலையங்களில் திருச்சியும் உண்டு. பெரிய நிலையத்தோடு சிறியதைச் சேர்த்துக் கொடுக்கும் முறையும் பேசப்பட்டது. திருச்சியின் குத்தகை எப்போது வந்தாலும் செட்டிநாட்டை நடத்தும் பொறுப்பை அதோடு கட்டுங்கள். குறைந்தபட்சம், அருகில் வேறு நிலையம் வரக் கூடாது என்று குத்தகைதாரர் தடுக்கும் விதி அந்த ஒப்பந்தத்தில் நுழையாமல் மாநில அரசு பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று விமானி பயிற்சிப் பள்ளி. ஆண்டின் பெரும்பகுதி வெயில் அடிக்கும் வறண்ட வானம் இங்கே குறையல்ல, மூலதனம். பயிற்சிப் பள்ளி இருந்தால் பயணிகள் விமானம் நின்ற காலத்திலும் ஓடுதளம் கூட்டிப் பெருக்கி உயிரோடு இருக்கும், வாடகையும் வரும்.

உள்ளூர்க் கொடையையும் வரவேற்கலாம், நிபந்தனையோடு. 1948-ல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியபோது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஆனால் நடத்தும் செலவை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதால்தான் அது இன்றும் நிற்கிறது. கொடையாளி முனையத்துக்கு முகப்பு கட்டித் தரலாம். தீயணைப்பு வண்டிக்கு ஓட்டுநர் சம்பளத்தை இருபது ஆண்டு கொடுக்க மாட்டார். அதை அரசுதான் கொடுக்க வேண்டும்.

வளர்ச்சியைப் பற்றி ஒரே வரியில்: ஏர்பஸ் வரும் என்று இப்போது கட்டாதீர்கள். தூத்துக்குடியில் 1,350 மீட்டர் ஓடுதளத்தை 3,000 ஆக்கிப் புது முனையத்தோடு ஏறத்தாழ 450 கோடியில் 2025-ல் திறந்தார்கள். அங்கே துறைமுகமும் தொழிற்சாலையும் பல ஆண்டுகளாக ஓடிய சிறு விமானங்களும் அந்தத் தேவையை நிரூபித்திருந்தன. செட்டிநாட்டில் முதல் கட்டத்துக்கு இரண்டு ஏடிஆர் நிற்கும் தளமும், நூறு பேர் உட்காரும் இரண்டாயிரம் சதுர மீட்டர் எளிய கட்டடமும் போதும். மூன்றாண்டு தொடர்ந்து மூன்றில் இரண்டு பங்கு சீட் நிரம்பினால் அடுத்த கட்டம் என்று அரசாணையிலேயே எழுதிவையுங்கள்.

அளவையின் முடிவு எதிராகவும் வரலாம். பழைய தளத்தில் 1,800 மீட்டர் கிடைக்காது, வரத்துக்கால்களைத் திருப்ப முடியாது, பயணிகள் போதவில்லை என்று வந்தால் அதையும் அப்படியே வெளியிடுங்கள். அப்போது அதே பணத்தில் காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையத்துக்குச் சாலையை அகலப்படுத்தி, தேவகோட்டையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் விமான நேரத்துக்கு ஒத்த பேருந்துகளை விட்டால் இந்த வட்டாரத்தின் வெளிநாட்டுப் பயணிகள் எல்லாருக்கும் பலன் கிடைக்கும்.

நாங்கள் இப்போது கேட்பது சிறிய தொகை: நில ஆவணச் சரிபார்ப்பு, தள வலிமைச் சோதனை, வரத்துக்கால் வரைபடம், உயரக் கட்டுப்பாட்டு வரைபடம், ராமேஸ்வரத்தோடு சேர்த்த பயணிகள் கணக்கு. முதல் நான்கையும் ஆறு மாதத்தில் முடிக்கலாம். மண் சோதனை மட்டும் மார்கழி பிறந்தவுடன், ஈரம் காய்வதற்குள் நடக்க வேண்டும். அதற்கு ஒப்பந்தப்புள்ளியை ஆகஸ்டுக்குள் கோரினால்தான் இயலும். அறிக்கைகளைத் தமிழில் மாவட்ட இணையதளத்தில் வெளியிட்டு, கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்கும் தேதியையும் அதே அறிவிப்பில் குறிப்பிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரத்தைச் சேர்ந்த பொறியாளர்களும் விமானத் துறைப் பணியாளர்களும் வணிகர்களும்